சபூராக்கா கொண்டாந்த தண்ணி

சபூராக்கா மெக்காவுக்குப் போறதுக்கு முந்துன வாரம் பொன்மணி குழாயடியில வச்சு அக்காவ வம்புக்கு இழுத்தா.

"எனக்கு என்னக்கா கொண்டாருவீக? அங்கன ஒட்டகம் கெடைக்குமாமே."

"ஒட்டகத்த எங்கன கட்டுவ? ஒன் வீட்டுல ஆடு கட்டவே எடமில்ல."

"அப்பத் தண்ணியாச்சும் கொண்டாங்க. நம்ம கொளாயில தண்ணி வர்றதுக்குள்ள நீங்க மெக்கா போயிட்டே வந்துருவீக."

திருத்தங்கல்ல அடுத்தடுத்த வீடு ரெண்டு பேருக்கும். சபூராக்கா பிரஸ்ல காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலை. பொன்மணி பட்டாசுக் கம்பெனியில திரி வைக்கிற வேலை. அவ புருசன் வேலுச்சாமி லோடு ஏத்தப் போறவன். ஒரே மக சினேகா, அஞ்சாப்பு படிக்கிறா.

அக்கா ஊரு திரும்புறதுக்குள்ள கம்பெனியில தீப்பிடிச்சிருச்சு. பக்கத்து ரூம்ல ஏதோ ஒரசல்னாங்க. பொன்மணி வெளிய ஓடி வந்துட்டா, ஆனா சேலையில பிடிச்ச தீயோட வந்தா.

அக்கா வந்து எறங்குனதும் பெட்டியக்கூடப் பிரிக்கல. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருச்சு. தீக்காய வார்டுக்குள்ள வெளியாள விடமாட்டாங்க. வாசல்ல வச்சே கைப்பையில இருந்து ஒரு சின்ன பாட்டில எடுத்து வேலுச்சாமி கையில குடுத்துச்சு. பஸ்ல ஒழுகாம இருக்க மூடியச் சுத்திப் பழுப்பு டேப்பு ஒட்டியிருந்துச்சு.

"ஜம்ஜம் தண்ணி தம்பி, மெக்காக் கெணத்துத் தண்ணி. அவளுக்குன்னு தனியாப் பிடிச்சது. குடுத்துருங்க."

சரிக்கான்னு வாங்கிக்கிட்டான்.

முந்தி அவன் அப்பாவுக்கு உயிர் இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப, சாமி படத்துக்கிட்ட இருந்த காசித் தண்ணிச் செம்ப எடுத்தாங்க. ஈயம் வச்சு அடைச்ச செம்பு. அத உடைச்சு வாயில ரெண்டு சொட்டு விட்டாங்க. உள்ள எறங்குனதும் மூச்சு நின்னுருச்சு. வேலுச்சாமி பக்கத்துலதான் நின்னான். தூரத்துல இருந்து வர்ற புண்ணியத் தண்ணின்னா அவனுக்கு அது ஒண்ணுதான் தெரியும். மனுசன வழியனுப்புற தண்ணி.

பொன்மணி பொழைக்க மாட்டான்னு அக்காவே முடிவு கட்டிருச்சோன்னு நெனச்சான். பாட்டிலக் கட்டப்பைக்குள்ள, துண்டுக்கு அடியில போட்டுட்டான்.

தீக்காயக்காரவுகளுக்குத் தாகம் அடங்காது. பொன்மணி வாயைத் தொறந்தா தண்ணி தண்ணிம்பா. கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கலாம்னு நர்சம்மா சொல்லியிருந்தாங்க. அவன் கடையில வாங்குன தண்ணிய ஸ்பூன்ல ஊத்துனான். மறுநாள் மத்தியானம், கொஞ்சம் தெளிவா இருந்தவ கேட்டா.

"சபூராக்கா வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"தண்ணி கொண்டாந்துச்சா? அதக் குடுங்க."

கட்டப்பை அவன் காலடியிலதான் இருந்துச்சு.

"வீட்டுல இருக்கு புள்ள. நாளைக்கு எடுத்தாரேன்."

"மறந்துறாதீக."

பொழுது சாயுறதுக்குள்ள அவ போயிட்டா.

எல்லாம் முடிஞ்சு வந்த சனமும் கலைஞ்சு போச்சு. வீட்டுல அப்பனும் மகளும் ஆளுக்கொரு செவுத்துல சாஞ்சு கெடந்தாங்க. சபூராக்கா தூக்குவாளியில சோறு கொண்டாந்துச்சு. சினேகாவப் பக்கத்துல இருத்தி, பெசஞ்சு உருட்டி வாயில குடுத்துச்சு. புள்ள வாய அசைக்காமலே வச்சிருந்தா. அது முழுங்கட்டும்னு அக்கா கதை சொல்ல ஆரம்பிச்சுச்சு.

"ஒரு பொட்டக் காடு தாயி. நம்ம ஆனைக்குட்டம் டேம் வத்துனா எப்படிக் கெடக்கும், அதவிடக் காய்ஞ்ச எடம். ஹாஜரான்னு ஒரு அம்மா, கையில பச்சப்புள்ள. புள்ள தாகத்துல துடிக்குது. அந்தம்மா இந்த மலைக்கும் அந்த மலைக்கும் ஓடுது, யாராச்சும் தண்ணி தர மாட்டாகளான்னு. திரும்பி வந்து பாத்தா, அல்லா புண்ணியத்துல, புள்ள காலடியிலயே தண்ணி பொங்கி வருது. அந்த ஜம்ஜம் கெணறுதான் இன்னைக்கும் ஊறுது. அந்த ஓட்டத்த நாங்களும் ஓடணும். நான் இந்த முட்டி வலியோட ஓடுனேன். ஓடயில ஒங்கம்மாவையும் நெனச்சுக்கிட்டேன்."

வேலுச்சாமி செவுத்த விட்டு நிமிந்தான்.

"அப்ப அது... உசுரு போகயில ஊத்துற தண்ணி இல்லையாக்கா?"

"போகயிலயும் ஊத்துவாங்கதான் தம்பி. ஆனா அது வந்ததே ஒரு புள்ள பொழைக்கணும்னுதான். எத நெனச்சுக் குடிக்கிறமோ அது நடக்கும்னு சொல்லுவாங்க." அக்கா அவனப் பாத்துச்சு. "பொன்மணி குடிச்சாளா?"

"குடிச்சாக்கா."

"நல்லது. எம்புட்டுத் தாகமா இருந்துருக்கும். அது போதும் எனக்கு."

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

அதுக்குள்ள சினேகாவுக்குச் சோறு தொண்டையில நின்னு விக்கல் எடுத்துருச்சு. பானையில தண்ணி இல்ல, ரெண்டு நாளா யாரும் பிடிச்சு வைக்கல. புள்ள எந்திரிச்சு, மூலையில கெடந்த ஆஸ்பத்திரிக் கட்டப்பையத் துழாவுனா. துண்டோட சேந்து அந்தப் பாட்டிலு வந்துச்சு. டேப்பு ஒட்டுனது ஒட்டுனபடி இருந்துச்சு.

"அப்பா, இதக் குடிக்கலாமா?"

சபூராக்கா பாட்டிலப் பாத்துச்சு. அவன் பக்கம் திரும்பவே இல்ல. புள்ள கையில இருந்து வாங்கி, நகத்தால டேப்பக் கிளறிக் கிளறிப் பிரிச்சுச்சு. அக்காவே இறுக்கி ஒட்டுன டேப்பு, லேசுல வரல.

"குடி தாயி. ஒனக்குந்தான் கொண்டாந்தேன். நின்னுக்கிட்டே குடி, அதான் மொறை. மனசுல என்ன வேணுமோ அத நெனச்சுக்க."

சினேகா கண்ண மூடிக்கிட்டா. உதடு ஏதோ முணுமுணுத்துச்சு. ஒரு சொட்டுக்கூடக் கீழ விடாம அம்புட்டையும் குடிச்சா. விக்கல் நின்னுருச்சு.

அவ என்ன கேட்டிருப்பான்னு வேலுச்சாமிக்குத் தெரியும். குடிச்சுட்டு அவ வாசலையே பாத்துக்கிட்டு நின்னா.