சிட்லபாக்கத்து இரண்டாவது சூரியன்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்தெருவில், ஹிதாயத்துல்லா வீட்டு மாடி அறையில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு சூரியன் 1996 முதல் இருக்கிறது. சேலையூரில் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருந்தவர், மீந்த செம்புக்கம்பியை ஓர் எவர்சில்வர் அண்டாவைச் சுற்றிச் சுற்றி, உள்ளே ஹைட்ரஜனை அடைத்து, வானத்தில் நடப்பது போலவே அணுவோடு அணுவை ஒட்டவைத்துவிட்டார். தெருவில் யாரும் இதற்குப் பெரிதாக அசரவில்லை. குறை ஒன்றுதான்: பத்து யூனிட் கரண்ட் கொடுத்தால் அது ஒன்பதுதான் திருப்பிக் கொடுத்தது. தெருவுக்கு எப்போது கரண்ட் தருவீர்கள் என்று கேட்டதற்கு முப்பது வருஷத்தில் என்றார். பத்து வருஷம் கழித்துக் கேட்டார்கள், அப்போதும் முப்பது என்றார். வெளிநாட்டில் இதற்கென்றே மலை மாதிரி ஆய்வுக்கூடங்கள் கட்டியவர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவரை மட்டும் குறை சொல்வானேன். எதிர்வீட்டு சிட்டிபாபு மட்டும் விடவில்லை. லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். "இன்னா பாய், காலண்டர் கிழிஞ்சிக்கினே கீது, உன் முப்பது மட்டும் கொறைய மாட்டேங்குது. பேசாம ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போடு" என்பார். சூரியனை வைத்திருக்கிறவன் இன்வெர்ட்டர் வாங்குவதா என்று ஹிதாயத்துல்லா சிரிப்பார்.

அவர் மனைவி சபீஹாவுக்குச் சூரியனோடு ஒரே ஒரு வழக்குதான். ரம்ஜான் மாதத்தில் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகும் வீட்டுக்குள் ஒரு சூரியன் மறையாமல் இருக்கும்போது நோன்பு திறக்க அவருக்கு மனம் வரவில்லை. அது கணக்கில் சேராது என்று பள்ளிவாசல் இமாம் சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே மாதம் முழுக்க, பாங்கு கேட்டதும் ஹிதாயத்துல்லா மாடியேறி ஸ்விட்சை அணைப்பார், சபீஹா பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பார். நோன்பு திறந்த பிறகு மறுபடி போட்டாலும், அணைத்த சூரியன் பழைய நிலைக்கு வர விடியும்வரை கரண்ட் இழுக்கும். ஒருமுறை எரிச்சலில், "உன் நோன்பு மட்டும் இல்லேன்னா எப்பவோ பத்துக்குப் பத்து வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டார். சபீஹா அதை மறக்கவில்லை.

பின்னாளில் சபீஹாவுக்கு நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் இருக்க முடியாது என்றானது. 2023 டிசம்பர் புயலில் கரண்ட் போனது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்ட முடியாமல் நின்றது. சிட்டிபாபு தன் வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பிளாஸ்டிக் டப்பில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார், நாலு மணி நேரம் தாங்கும் என்றார். மாடியில் சூரியன் மிளகளவுக்குச் சுருங்கி இன்னும் உயிரோடு இருந்தது. ஹிதாயத்துல்லா பேட்டரியைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். போன வாரம் ஒன்பதே முக்கால் வந்தது, அரை மணி நேரம் பேட்டரியைச் சூரியனுக்குக் கொடுத்தால் பத்தைத் தாண்டிவிடும், அப்புறம் எத்தனை நாளானாலும் மெஷின் ஓடும் என்றார். "பாய், வெளையாடாத! மெஷின்ல மாட்டு!" என்று சிட்டிபாபு கத்தினார். சபீஹாதான் மூச்சுக்கு நடுவே சொன்னார்: "அதுக்கே குடுங்க. இந்தத் தடவை என்னால அணைய வேணாம்."

ஹிதாயத்துல்லா சூரியனில் மாட்டினார். இதை எழுதும்போதும் எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வருகிறது. சூரியன் தேங்காய் அளவுக்கு வளர்ந்தது. மழையிருட்டிலிருந்த தெருத் தண்ணீர் முழுக்கப் பளபளத்தது, சேவல்கள் விடிந்ததென்று கூவின. மீட்டர் ஒன்பது புள்ளி ஒன்பது காட்டியது. அதற்குமேல் ஏறவில்லை. பேட்டரியில் மிச்சமிருந்ததில் மெஷின் பதினோரு நிமிஷம் ஓடி நின்றது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே சபீஹா இறந்துபோனார். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது, பேட்டரியை மெஷினில் மாட்டியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்திருக்கும். சிட்டிபாபு மனசுக்குள் போட்ட கணக்கு இது, வெகுநாள் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சூரியன் இன்னும் இருக்கிறது. பழையபடி பத்து வாங்கி ஒன்பது கொடுக்கிறது. இப்போது வருஷம் முழுக்க, நோன்பு நாளோ இல்லையோ, மஃரிப் பாங்கு கேட்டதும் ஹிதாயத்துல்லா மாடியேறி அதை அணைக்கிறார். கீழே வந்து தட்டில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். தெருவில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்குக் குடிவந்தவர்கள், இந்த வீட்டிலிருந்து எப்போது சார் கரண்ட் வரும் என்று கேட்கிறார்கள். சிட்டிபாபுதான் ஹிதாயத்துல்லாவுக்காகப் பதில் சொல்கிறார்: "வரும் சார். இன்னும் முப்பது வருஷம்." மாடி இருண்டதைப் பார்த்து சிட்டிபாபுவின் மனைவி கங்கையம்மாள் வாசல் லைட்டைப் போடுகிறார், அதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் போடுகிறார்கள்.