எதிர் ஷிப்ட்

புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் என் வேலை. "தப்பு கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு சம்பளமா?" என்று அம்மா கேட்பார். அதை அவர் வீட்டில் எத்தனையோ வருடமாகச் சும்மாவே செய்து வருகிறார், அதனால் அவருக்கு ஆச்சரியம்.

மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் சிப் செய்கிற ஒரு பேக்டரி. கீழே லைனில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். நான் மாடியில், குளிர்ந்த அறையில், கம்ப்யூட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். ஸ்டோர் கணக்கு, ஓவர்டைம் கணக்கு என்று எந்தப் புரோகிராம் வந்தாலும் கடைசியில் என் மேசைக்கு வரும். கடைசியில் என்றால் உண்மையிலேயே கடைசியில். எல்லாம் எழுதி முடித்து, பெரியவர்கள் கைகுலுக்கி, கேக் வெட்டிய பிறகு, "பவானி, கொஞ்சம் பாரு லா" என்று கொண்டுவந்து வைப்பார்கள். குழம்பை இலையில் ஊற்றிவிட்டு உப்புப் பார்க்கச் சொல்கிற கதை.

எங்கள் செக்‌ஷனுக்குத் தலைவர் ஹாபிஸ் பாய். மலாக்கா டவுனில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை இருக்கிறது. இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்து இங்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் ஷிப்ட் புரோகிராம் பேச்சு ஆரம்பித்தபோது, "நானும் மீட்டிங்குக்கு வரட்டுமா பாய்?" என்று கேட்டேன். "புரோகிராமே இன்னும் எழுதல, நீ வந்து எதை டெஸ்ட் பண்ணப் போற?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. போங்கள், எனக்கென்ன என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் என்று சொன்னேனே தவிர ஒரே வீட்டில் நாங்கள் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

அவர் பெயர் பரமேஸ்வரன். மலாக்காவை உண்டாக்கிய ராஜாவின் பெயர், பார்ப்பது என்னவோ எங்கள் பேக்டரியிலேயே மெஷின் ரிப்பேர் வேலை. ஜாசின் பக்கம் எஸ்டேட்டில் வீடு. செங் என்ற ஊரில் கவர்மெண்டு மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட வேண்டும், அதற்குக் கல்யாணப் பதிவு கட்டாயம் என்றார்கள். அதனால் தொண்ணூற்றேழாம் வருடத் தொடக்கத்தில் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். முதலில் பதிவு, சில மாதம் கழித்துக் கோயிலில் தாலி. தாலி ஏறும்வரை அவரவர் வீட்டில் அவரவர்.

எங்களுக்கும் அந்தச் சில மாதம்தான் என்றிருந்தது. அதற்குள் என் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். துக்க வீட்டில் வருடம் திரும்பாமல் கல்யாணம் கிடையாது என்றுவிட்டார்கள்.

"கவர்மெண்டுக்கு நீ அவன் பொண்டாட்டியா இருக்கலாம். எனக்கு இன்னும் நீ என் மவதான்," என்றார் அம்மா. "தாலி ஏறாம கூடச் சுத்துனா, அப்பன் இல்லாத பொண்ணு பாருன்னு ஊரே பேசும்."

படம் கிடையாது, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையும் கிடையாது. எஸ்டேட் வீட்டில் போனும் கிடையாது. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு இடம், பேக்டரி கேன்டீன். இருவருக்கும் காலை ஷிப்ட். சாப்பாட்டு நேரத்தில் எதிரெதிரே உட்காருவோம். அவர் தட்டிலிருந்து பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைப்பார். "என்னாலா இது, மெலிஞ்சிகிட்டே போற" என்பார். தொட்டுக்கொள்ளக்கூட மாட்டோம், சுற்றிலும் அத்தனை கண்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்து குளித்துப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அப்போதுதான் ஷிப்ட் புரோகிராம் என் மேசைக்கு வந்தது.

அதுவரை சூப்பர்வைசர்கள் கையால் ஷிப்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள், வேண்டியவனுக்கு ஒன்று, வேண்டாதவனுக்கு ஒன்று. இனிமேல் கம்ப்யூட்டர் போடும். பிள்ளைக்காரப் பெண்கள் வெகுநாளாகக் கேட்டு வந்ததையும் அதில் சேர்த்திருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் இங்கேயே வேலை செய்தால் இருவருக்கும் எதிர் ஷிப்ட். ஒருவர் வேலையில் இருக்கும்போது மற்றவர் வீட்டில் பிள்ளையோடு இருக்கலாம்.

நல்ல யோசனைதான். பல பேரின் பெயரை வைத்து ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. பிறகு மனசு கேட்காமல் என் பெயரைப் போட்டேன். எனக்கு மாலை ஷிப்ட், அவருக்குக் காலை ஷிப்ட். நான் உள்ளே வரும்போது அவர் வெளியே போவார்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே. பேக்டரி ஆட்களின் விவரம் வைத்திருக்கும் பெர்சனல் ஆபீசில் நாங்கள் கல்யாணமானவர்கள். பதிவு முடிந்த கையோடு ஓடிப்போய்ச் சர்டிபிகேட்டை நீட்டியது நான்தானே! கம்ப்யூட்டருக்குத் தாலி தெரியுமா, துக்கம் தெரியுமா? பதிவுக்கும் தாலிக்கும் நடுவில் நிற்கிறவர்களும் இருப்பார்கள் என்று அந்த மீட்டிங்கில் யாருக்கும் தோன்றவில்லை.

ஹாபிஸ் பாயிடம் போனேன்.

"சொன்னபடிதானே ஓடுது? அப்புறம் என்னா தப்பு?" என்றார்.

"சொன்னதுதான் தப்பு பாய். சேர்ந்து வேணுமா, எதிரா வேணுமான்னு ஆளுங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்னிக்கு மீட்டிங்ல என்னை உக்கார வச்சிருந்தா நான் கேட்டிருப்பேன். அப்ப அது அரை நாள் வேலை."

"இப்ப அத மாத்தணும்னா சிங்கப்பூர்ல எழுதுனவங்களுக்கே திருப்பி அனுப்பணும். திரும்பி வர எப்படியும் அரை வருஷம் இழுக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தன பேருக்கு இந்தப் பிரச்சன?"

"எனக்கு."

அவர் சிரித்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ பெயில்னு எழுதுனா நான் நிறுத்திடுறேன், ஏன்னு கேக்க மாட்டேன். பாஸ்னு எழுதுனா அடுத்த மாசம் ஓடும். உன் கையெழுத்துதான் பவானி. அடுத்த புரோகிராமுக்கு மொத நாள்லேர்ந்து நீ மீட்டிங்ல இருக்க, அதுக்கு நான் பொறுப்பு."

அடுத்த புரோகிராம்! எனக்கு அடுத்த புரோகிராமா வேண்டும்? பெயில் என்று எழுதுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சாப்பிடப் போனேன்.

கேன்டீனில் பாக்கியலட்சுமி அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். லைனில் வேலை, அவர் புருஷன் சாமிக்கண்ணு ஸ்டோரில் லாரிக்குச் சாமான் ஏற்றுகிறவர். இருவருக்கும் காலை ஷிப்ட். இரண்டு வயது மகனைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுவிட்டு வருவார்கள்.

"புது ஷிப்ட்டு அடுத்த மாசமாமே, நெசந்தானா?" என்றார். "போன வாரம் எம்மவன் வீட்டுக்குப் பின்னால லோங்காங்கு சாக்கடையில விழுந்துட்டான்டி. மழத் தண்ணி ஓடிகிட்டு இருக்கு. அந்தக் கெழவி தூங்கிட்டா, பாவம், அவளுக்கும் வயசாச்சு. ரோட்டுல போன மலாய்க்காரர் ஒருத்தர் பாத்துத் தூக்கியிருக்காரு. நான் இங்க சிப்பப் பாத்துகிட்டு நிக்கிறேன், எம்புள்ள அங்க தண்ணியில கெடக்குறான்." அவர் என் கையை விடவே இல்லை. "இந்த ஒரு மாசத்த எப்படியாவது ஓட்டிட்டா போதும்."

இனிமேல் பெயில் என்று எழுத எனக்கு மனசு வருமா?

ஆனால் ஆசை சும்மா இருக்குமா? அது குறுக்கு வழி தேடியது. மறுநாள் பெர்சனல் ஆபீசில் கிளார்க் ரஹீலாவிடம் போய், "தாலி ஏறுற வரைக்கும் என்னைக் கல்யாணம் ஆவாதவன்னு மாத்தி வைக்க முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அலாமாக்! உனக்கு என்ன பைத்தியமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தாள். "மாத்தலாம் லா. நீங்க ரெண்டு பேரும் வந்து சொன்னா நான் மாத்தித் தர்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. புரோகிராம் பாஸ் ஆகும், பாக்கியம் அக்கா பிள்ளையோடு இருப்பார், எனக்கும் என் கேன்டீன் மேசை இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். மீனைப் பிய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"வீட்டு மனு என்னாவுறது?" என்றார்.

"அது வேற ஆபீஸ்ங்க. இது இங்க மட்டும்தான்."

பிய்த்த மீனை அவர் திரும்பத் தன் தட்டிலேயே வைத்தார்.

"வேணாம் பவானி."

"ஏன் வேணாம்? உங்களுக்கு என்னைப் பாக்கணும்னே இல்லியா? காலையிலேர்ந்து இந்த நேரம் எப்ப வரும்னு நான் சாவுறேன். நீங்க கல்லு மாதிரி உக்காந்துகிட்டு வேணாங்குறீங்க!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன மாசம் மெஷின் ஆயில் தெறிச்சி கண்ணுல பட்டுச்சி, ஞாபகம் இருக்கா? பேக்டரி கிளினிக்ல, கூப்பிடுறதுக்கு ஆள் யாருன்னு கேட்டாங்க. மனைவின்னு சொன்னேன். உம்பேர சொன்னேன். உடனே மாடிக்குப் போன் பண்ணி உன்னைக் கூப்பிட்டாங்க, நீ ஓடி வந்த. எங்கம்மா போனதுக்கு அப்பறம், எனக்கு ஒண்ணுன்னா கூப்பிட ஆளுன்னு யாருமே இல்ல. இங்க ஒரு இடத்துலதான் நீ எனக்குப் பொண்டாட்டி. வீட்டுலயும் இல்ல, கோயில்லயும் இல்ல. அதையும் அழிக்கச் சொல்றியா?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஒன்னப் பாக்காம இருக்குறது கஷ்டந்தான்," என்றார். "தெனமும் நானும்தான் பஸ்ல வர்றப்பலாம் ஒன்னய நெனச்சுகிட்டு வர்றேன். அத நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்."

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. நான் மாடிக்குப் போய் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தேன். பெயில் என்று எழுதலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை இன்னொரு அரை வருடம் அந்தக் கிழவியோடு இருக்கும். அதை நினைத்ததும் கை பேனாவை எடுத்துவிட்டது. பாஸ் என்று எழுதினேன். கீழே, சேர்ந்து வேண்டுமா என்று தம்பதிகளைக் கேட்கும் கேள்வி ஒன்று அடுத்த மாற்றத்தில் வர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது வரும்போது எனக்குத் தாலியே ஏறியிருக்கும் என்றும் தெரியும்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை. காலை ஷிப்ட் வெளியே வருகிறது, மாலை ஷிப்ட் உள்ளே போகிறது. கேட்டில் கூட்டம் முட்டி மோதியது. பாக்கியம் அக்கா என்னைத் தாண்டி வெளியே ஓடினார், சாமிக்கண்ணு மாலை ஷிப்டுக்கு வந்தாயிற்று, இனிப் பிள்ளை கிழவியிடம் இருப்பது அக்கா வீடு போய்ச் சேரும்வரைதான், என்ன ஒரு சிரிப்பு அந்த முகத்தில். அவருக்குப் பின்னால் என்னவர் வந்தார். அன்றைக்கு என்னென்ன பேச வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அம்மா சொன்னது, கனவு கண்டது, கோயில் அர்ச்சகர் தேதி பார்த்துச் சொன்னது எல்லாம்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ம்."

எஸ்டேட் பஸ்காரன் ஹார்ன் அடித்தான். பின்னால் வந்தவர்கள் நெருக்கித் தள்ளினார்கள். அவர் போய்க்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார். கேட்டில் காவல் நின்ற கார்டு என் பையைத் திறக்கச் சொன்னான், திறந்து காட்டிவிட்டு நிமிர்ந்தபோது பஸ் ரோட்டுக்குப் போயிருந்தது.

மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் நாள் ஷிப்ட் ஓடி முடிந்திருந்தது. ஒரு பெயர் மாறவில்லை, ஓர் இடம் பிசகவில்லை. ஹாபிஸ் பாய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"எப்படி ஓடுது பவானி?"

"ஒரு தப்பும் இல்ல பாய்," என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.