என் பக்கத்து பிரேக்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். என் காரைப் பார்த்து "இன்னுமா இதை வச்சிருக்கீங்க"ன்னு யாராவது கேட்டா எனக்குச் சுருக்குன்னு கோவம் வரும். வண்டிக்கு முப்பத்தாறு வயசு, வாஸ்தவம்தான். எனக்கு அம்பத்தேழு. என்னை யாரும் துணி போட்டு மூடி வைக்கலையே.

ஜெர்மனியில செஞ்ச வண்டி. நாலு கதவு, ஆறு சிலிண்டர், கையால போடற கியர். வெளியில இருந்து பார்த்தா யாரோ குடும்பஸ்தன் ஆபீசுக்குப் போற கார்தான். மூணாவது கியர்ல ஒரு மேட்டுல ஏத்திப் பாருங்க, உள்ள இருக்கிறது யாருன்னு அப்பத் தெரியும். அப்பா புதுசா வாங்கினார். போகும்போது எனக்கும் என் தம்பிக்கும் சரிபாதின்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டார். வீட்டை அழகாப் பிரிச்ச மனுஷன், காரை எப்படிப் பிரிக்கிறதுன்னு யோசிக்கவே இல்ல.

தம்பி தன் பாதிக்காக இதுவரைக்கும் ஒரு வைப்பர் பிளேடு மாத்தினதில்ல. என் பாதி, அவன் பாதி ரெண்டுக்கும் நான்தான் ஆயில் மாத்தறது. வருஷத்துக்கு ஒரு தடவை, காலையில இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதே மூடியைக் கழட்டி வால்வு இடைவெளி பார்க்கிறதும் நான்தான். மழைக்காலம் முடிஞ்சதும் சக்கரத்துக்கு மேல விரலை விட்டுத் துரு கிளம்பியிருக்கான்னு தடவிப் பார்ப்பேன். பின்பக்க ஜன்னல் ஒண்ணு, இறக்கினா ஏறாது. ரேடியோ தனக்குத் தோணினாப் பாடும். அதெல்லாம் நாங்க எங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்குவோம்.

நான் கார் ஓட்டக் கத்துக் குடுக்கிறவ. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிரைவிங் ஸ்கூல்ல வேலை பார்த்தேன். அந்த முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பொம்பளை கத்துக் குடுத்தா ஆளுங்க சேரமாட்டேங்கிறாங்க, நீ ஆபீஸ்ல உக்காந்து போனை எடு"ன்னான். சாவியை அவன் மேஜையில வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் அப்பா வெளியில போன நேரமாப் பார்த்து, அவர் கார்ல முன்சீட்டுக் கார்பெட்டைத் தூக்கி, டிரில்லை எடுத்துத் தரைத் தகட்டுல நாலு ஓட்டை போட்டேன். கத்துக் குடுக்கிறவ பக்கமும் ஒரு பிரேக் பெடல் வேணுமில்லையா, அதுக்கு. அங்கேயிருந்து ஒரு கம்பி ஓட்டறவங்க பிரேக்குக்குப் போகும். எதிர்ல மாடு வந்தாலும் லாரி வந்தாலும் என் கால் ஒண்ணு போதும்.

அப்பா வந்து பார்த்தார். ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாம் நாள் சாப்பிடும்போது கேட்டார், "வண்டி நிக்குதா?"

"நிக்குதுப்பா."

"அப்ப சரி."

இந்த மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு. என் நாலு ஓட்டையைப் பத்திக் கேள்விப்பட்ட அன்னைக்கு அவங்க முகம் போன போக்கைப் பார்த்திருக்கணும். ஒருத்தர் என்கிட்டயே வந்து, "இதுல போய் கத்துக்குட்டிங்களை ஏத்தறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"ன்னார். அவர் வண்டி எட்டு வருஷமா ஷெட்டை விட்டு வெளியில வரல. "உங்க வண்டியைக் கேட்டுப் பாருங்க, யாருக்கு மனசாட்சி இல்லைன்னு அது சொல்லும்"னேன். அதோட அவர் என்கிட்ட பேசறதை நிறுத்திட்டார். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகல. நானூறு பேருக்கு மேல அந்த வண்டியில கத்துக்கிட்டாங்க, முக்காவாசி பொம்பளைங்க.

மூணு மாசத்துக்கு முன்னாடி தம்பி வந்தான். அவனுக்கு அடுக்குமாடி வீடு விக்கிற தொழில். பேச்சுல தேன் ஒழுகும். கூட அவன் பொண்டாட்டியும் வந்திருந்தா. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு, தினமும் ரெண்டு பஸ் மாறிப் போறா. கல்யாணமான புதுசுல ஒரு தடவை, "எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்க அண்ணி"ன்னு கேட்டா. "இவளுக்கா? இவ ரோடு தாண்டவே என் கையைப் பிடிப்பா"ன்னு தம்பி சிரிச்சான். அதுக்கப்புறம் அவ கேட்கல. நானும் விட்டுட்டேன். அது என் தப்புதான்.

"அக்கா, ஒரு பார்ட்டி இருக்கு"ன்னான் தம்பி. "இதே மாடலைத் தேடிக்கிட்டு இருக்கார். ஏசி போட்டு ஹால் கட்டி வச்சிருக்கார், உள்ள பன்னிரண்டு கார் நிக்குது."

"ஓட்டுவாரா?"

"எதுக்கு ஓட்டணும்? ஓட்டினா மதிப்புக் குறைஞ்சுடும்."

என் பாதியை விக்கமாட்டேன்னேன். அவன் தயாரா வந்திருந்தான், பையில இருந்து ஒரு பேப்பரை எடுத்தான். பொது ஆள் ஒருத்தர் வந்து வண்டிக்கு மதிப்புப் போடணும். அவர் போடற தொகையில பாதியை ஒரு வாரத்துல நான் அவனுக்குக் குடுத்தா வண்டி முழுக்க எனக்கு. குடுக்க முடியலைன்னா ஹால்காரருக்கு. நல்லா இருக்கிற இந்த மாடல் என்ன விலைக்குப் போகும்னு அவனுக்குத் தெரியும். என் சேமிப்பு எவ்வளவுன்னும் தெரியும். வழிச்செடுத்தாலும் அந்தப் பாதிக்குப் பாதிதான் தேறும். கையெழுத்துப் போடலைன்னா கோர்ட்டுக்குப் போவேன்னான். கோர்ட்டுக்குப் போனா வண்டி வருஷக்கணக்கா ஓடாம நிக்கும், ஓடாம நின்னா அதோட கதை முடிஞ்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன்.

மதிப்புப் போடறவர் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி தம்பி போன் பண்ணான். "வண்டியைக் குடுக்கா, நான் கழுவி வச்சுடறேன்." எனக்கு அப்ப நல்ல காய்ச்சல், எழுந்து நிக்க முடியல. சாவியைக் குடுத்து அனுப்பிட்டேன். வீடு விக்கிறவன் கழுவறேன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு என் மண்டையில உறைச்சிருக்கணும்.

ஞாயித்துக்கிழமை காலையில அவன் குடியிருக்கிற கட்டடத்துக்குக் கீழ, கார் நிறுத்தற இடத்துல எல்லாரும் கூடினோம். மதிப்புப் போடறவர் குள்ளமான மனுஷன், அதிகம் பேசல. முழங்காலுக்குப் போட்டுக்க ஒரு ரப்பர் பாய், குச்சியில கட்டின சின்னக் கண்ணாடி, துணி சுத்தின ஒரு காந்தம், இதுதான் அவர் சாமான். காந்தத்தைக் கதவுல, கதவுக்குக் கீழ, சக்கரத்துக்கு மேல ஒட்டி ஒட்டிப் பார்த்தார். இரும்பா இருந்தா ஒட்டிக்கும், துருவை மறைச்சுப் பட்டி பூசியிருந்தா நழுவும். எங்கேயும் நழுவல. "யாரோ நல்லாப் பார்த்துக்கிட்டிருக்காங்க"ன்னார். ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயித்தெரிச்சல். நான் நல்லாப் பார்த்துக்கிட்டதே என்கிட்ட இருந்து அதைப் பிடுங்கிட்டுப் போகப் போகுது.

அப்புறம் பானெட்டைத் தூக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

இன்ஜின் பளபளன்னு மின்னுச்சு. ஆவி பீய்ச்சிக் கழுவி, வெள்ளி பெயிண்ட் அடிச்சு, போல்ட் தலையெல்லாம் தேய்ச்சு மினுக்கியிருந்தாங்க.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். இந்த வண்டியைச் செஞ்ச இடத்துல, ஒரு போல்ட்டை முறுக்கி முடிச்சதும் முறுக்கின ஆள் அதுமேல மஞ்சள் பெயிண்ட்ல ஒரு புள்ளி வச்சிருக்கான். இதை நான் பார்த்துட்டேன்னு அர்த்தம். என் இன்ஜின்ல யாரும் கழட்ட வேண்டி வராத போல்ட்டுங்கள்ல நாப்பத்தோரு புள்ளி இருந்தது. ஒரு ஆளுக்கு என்ன அவசரமோ, அவன் வச்சதெல்லாம் வால் முளைச்ச மாதிரி ஒரு பக்கமா இழுத்திருக்கும். பத்தொம்பது வருஷமா பல் தேய்க்கிற பிரஷ்ஷால அந்தப் புள்ளிங்களைச் சுத்திச் சுத்தித்தான் நான் அழுக்கெடுத்தேன். ஒண்ணு மேலயும் பிரஷ் பட்டதில்ல.

அவர் கண்ணாடிக் குச்சியை விட்டு ரொம்ப நேரம் தேடினார். பிறகு நிமிர்ந்து, "இதை யார் கழுவினது?"ன்னார்.

"நான்தான் சார்"ன்னு தம்பி முன்னாடி வந்தான். "மூணு ஆளு, ரெண்டு நாள். புதுசு மாதிரி இல்ல?"

"புதுசு மாதிரிதான் இருக்கு. அதான் பிரச்சனை. இந்த இன்ஜினை யாரும் பிரிக்கலைங்கிறதுக்கு அந்த மஞ்சள் புள்ளிதான் சாட்சி. இப்ப நான் என்னன்னு எழுதறது?"

எனக்குச் சந்தோஷம் வந்திருக்கணும், விலை இறங்கப் போகுதில்ல. வரல. அழுகைதான் வந்தது. "நாப்பத்தோரு புள்ளிடா"ன்னேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே."

"அதுக்கென்னக்கா, மஞ்சள் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வச்சுட்டாப் போச்சு."

"அப்படி வச்ச வண்டியும் நிறையப் பார்த்திருக்கேன்"னார் மதிப்புப் போடறவர், அவன் முகத்தைப் பார்க்காமலே.

முன்கதவைத் திறந்து என் சீட்டுல உக்காந்தேன். என் கால் தன்னால பிரேக்கைத் தேடுச்சு. பெடல் இல்ல. கம்பியும் இல்ல. கீழ புத்தம் புது கார்பெட், பசை போட்டு ஒட்டியிருந்தது. மதிப்புப் போடறவர் குனிஞ்சு அதை ஒரு தட்டுத் தட்டிட்டு, "இதுக்கு அடியில ஏதாவது வேலை பார்த்திருக்கா?"ன்னார்.

"ஒண்ணுமில்ல சார்"ன்னான் தம்பி. சொல்லிட்டு என் தோளைப் பிடிச்சு வெளியில இழுத்தான். "வாயைத் திறக்காதேக்கா. இன்ஜின்லயே பாதி போச்சு. ரெண்டு பேருக்கும்தான் நஷ்டம்."

"விக்கிறவனுக்குத்தான்டா நஷ்டம்."

"நீ வேணும்னே பண்றே."

"ஆமா, வேணும்னேதான். உண்மையைச் சொன்னா எனக்கு லாபம்னா நான் என்ன பண்ணட்டும், பொய் சொல்லட்டுமா? நீ கழட்டிப் போட்டது என் சோறுடா. யாரைக் கேட்டுக் கழட்டினே?"

பதிலுக்குக் காத்திருக்கல. காருக்குள்ள குனிஞ்சு கார்பெட் முனையை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். டர்ருன்னு கிழிஞ்சு வந்தது. கீழ நாலு ஓட்டையையும் பட்டி வச்சு அடைச்சு, மேல கறுப்பு பெயிண்ட் பூசியிருந்தாங்க. "சார், இங்க வைங்க உங்க காந்தத்தை"ன்னேன். வச்சார். ஒட்டாம உருண்டு போச்சு.

"எழுதிக்குங்க. நாலு ஓட்டை. போட்டது நான். பிரேக் பெடல் மாட்டறதுக்காக, நானூறு பேருக்கு ஓட்டக் கத்துக் குடுக்கிறதுக்காகப் போட்டது. காரணத்தையும் சேர்த்து எழுதுங்க."

"இந்த ஃபாரத்துல காரணத்துக்குக் கட்டம் இல்லம்மா."

"அப்ப ஓரத்துல எழுதுங்க."

ஃபாரத்தைத் திருப்பிப் பிடிச்சார். எழுதினார். கடைசியில அடியில ஒரு தொகை போட்டு நீட்டினார். தம்பி எதிர்பார்த்ததுல பாதிகூட இல்ல. அங்கேயே பானெட் மேல பேப்பரை வச்சு அவன் பங்குக்கு செக் எழுதிக் குடுத்தேன். கணக்குல பெட்ரோலுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. எனக்குப் போதும். "நீ பொல்லாதவக்கா"ன்னான். இல்லைன்னு நான் சொல்லல.

இத்தனை நேரமும் தம்பி பொண்டாட்டி தூண் பக்கத்துல தோள்பையோட நின்னுக்கிட்டு இருந்தா. தம்பி செக்கைச் சட்டைப் பையில வச்சதும் நேரா என்கிட்ட வந்தா. பையில இருந்து பேப்பர் சுத்தின ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில குடுத்தா. பிரிச்சா, என் பெடல். கூடவே கம்பி. நாலு போல்ட்டையும் லேப்ல ரத்தம் எடுத்து வைக்கிற குட்டி டப்பாவுல போட்டு, மேல தேதி எழுதி ஒட்டியிருந்தா.

"குப்பைத் தொட்டியில கிடந்தது அண்ணி. லேப்ல என் லாக்கர்ல வச்சிருந்தேன்" அப்படின்னா. "இதை மாட்டிடுங்க. மாட்டினதும் முதல்ல எனக்குத்தான் கத்துக் குடுக்கணும்."

"உனக்கா?"ன்னான் தம்பி.

"நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேன் அண்ணி"ன்னா அவ.

அடுத்த நாள் சாயங்காலம் பட்டியைச் சுரண்டி எடுத்துட்டு ரெண்டு பேருமாப் பெடலை மாட்டினோம். ஸ்பேனரை அவ கையிலயே குடுத்தேன். நாலையும் அவதான் முறுக்கினா, முகம் சிவக்க, உதட்டைக் கடிச்சுக்கிட்டு. இன்ஜின்ல போன புள்ளி போனதுதான், அதுக்குப் பதிலா நான் ஒண்ணும் வைக்கல. ஆனா இந்த நாலு போல்ட் மேல மஞ்சள் பெயிண்ட்ல நாலு புள்ளி வைக்கச் சொன்னேன். முறுக்கினவ அவதானே. ஒண்ணு கொஞ்சம் இழுத்துக்கிச்சு, அப்படியே விட்டுட்டோம்.

ஆறு வாரம். முதல் வாரம் என் கால் பிரேக்கை விட்டு எழவே இல்ல. ரெண்டாவது வாரம் எதிர்ல வந்த பஸ்ஸைப் பார்த்து ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கண்ணை மூடிட்டா. நான் திட்டின திட்டுக்கு அவ இடத்துல வேற யாராவதா இருந்தா இறங்கி நடந்திருப்பாங்க. அவ மறுநாள் அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து நின்னா. ஆறாவது வாரம் மேட்டுச் சாலையில மூணாவது கியர் போட்டு மிதிச்சா. இன்ஜின் தொண்டையைத் திறந்தது. நான் காலை மடக்கி சீட்டுக்குக் கீழ வச்சுக்கிட்டேன்.

திரும்பி வரும்போது தம்பி அவங்க கட்டட வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தான். எங்களைப் பார்த்ததும் ரெண்டு கையையும் ஆட்டி, "மெதுவா, மெதுவா, அக்கா நீ பிரேக்கைப் பிடி"ன்னு கத்தினான். நான் பிடிக்கல. அவன் செருப்புக்கு ஒரு சாண் முன்னாடி அவளே கொண்டு வந்து நிறுத்தினா.

"கடைக்குப் போறோம், நீங்களும் வரீங்களா?"ன்னா. அவன் முன்கதவுப் பக்கம் வந்து என்னைப் பார்த்தான், நான் இறங்குவேன்னு. நான் இறங்கல.

"அது அண்ணி இடம். நீங்க பின்னாடி ஏறுங்க"ன்னா அவ. "அந்தப் பக்க ஜன்னலை மட்டும் இறக்காதீங்க, ஏறாது."