பித்த வெடிப்பு

தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு நான்காவது முறையும் வெள்ளையாகவே திரும்பி வந்தது. ஜெரூஷா அதை வீசிவிட்டு, மாமியாரின் வலது கால் பெருவிரலை இன்னும் அழுத்திப் பிடித்துத் தேய்த்தாள். நகத்தில் இருந்த மாதுளைச் சிவப்பு போவதாக இல்லை. எண்ணெய் பட்டதில் முன்னைவிட அதிகமாகப் பளபளத்துத் தொலைத்தது.

அமலராணி டீச்சர் இது எதையும் கண்டுகொள்ளாமல் கட்டிலில் படுத்திருந்தார். உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

காலையில் காபி கேட்டவர், ஜெரூஷா டம்ளரோடு வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெரூஷாவின் கணவன் ஸ்டெபின் அம்மாவைக் கட்டிலில் கிடத்திவிட்டு, சவப்பெட்டிக்கும் கல்லறை இடத்துக்கும் சொல்லத் தாம்பரம் போயிருந்தான். நாலு மணிக்கு அடக்கம். பத்தரை மணிக்குச் சபைப் பெண்கள் வந்து உடலைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை உடுத்துவார்கள். அது அந்தச் சபையின் வழக்கம். கடிகாரம் இப்போது ஒன்பதே முக்கால் காட்டியது.

முடிச்சூரில் அந்தச் சபைப் பெண்களைத் தெருக்கோடியில் வரும்போதே அடையாளம் சொல்லிவிடலாம். காதில் தோடு இருக்காது, கழுத்தில் சங்கிலி இருக்காது. முகத்துக்குப் பவுடர் பூசினாலே அடுத்த வாரம் ஜெபக் குறிப்பில் பெயர் வந்துவிடும். அங்கே இருபது வருஷமாகப் பெண்கள் கூட்டத்தில் எளிமையைப் பற்றிப் பாடம் எடுத்தவர் அமலராணி டீச்சர். அவர் கால் விரல் பத்திலும் சிவப்புப் பூசிக்கொண்டு பரலோகம் போகிறார் என்றால், வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் மூட்டையே கிடைத்த மாதிரி. 'மருமக கெடுத்துட்டா' என்று தன்னைச் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவரைச் சொல்வார்களே என்பதுதான் ஜெரூஷாவின் பயம். அவளுக்கு இன்னும் அழக்கூட நேரம் கிடைக்கவில்லை.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. மாதாமாதம் முதல் வாரத்தில் கூரியரில் ஓர் அட்டைப்பெட்டி வரும். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் ஐந்து சாம்பிள்கள்: ஒரு முகக் களிம்பு, ஒரு சீரம், ஒரு லிப்ஸ்டிக், இப்படி. ஜெரூஷா வேலை பார்த்த நாளில் சந்தா கட்டிய பழக்கம், கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. முதல் இரண்டு மாதம் மாமியாருக்குத் தெரியாமல் பீரோவில் ஒளித்தாள். மூன்றாவது மாதம் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் டீச்சர்தான். பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, உள்ளே இருந்த துண்டுச்சீட்டைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி முழுக்கப் படித்திருந்தார்.

"இந்தக் கால் க்ரீம் வேலை செய்யுமா?" என்றுதான் கேட்டார்.

அப்படி ஆரம்பித்தது. ஸ்டெபின் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறி வீடு வந்து சேர ஆறாகும். மூன்று மணிக்கு இருவரும் வாசல் கதவைச் சாத்துவார்கள். டீச்சரிடம் ஒரு நியாயம் இருந்தது. "கடைக்குப் போய் வாங்குனாத்தாம்மா அலங்காரம். சாம்பிளா வந்ததைச் சோதிச்சுப் பாக்குறதுல என்ன இருக்கு? தூக்கிப் போட்டா அதுதான் பாவம்." முகத்தில் பச்சைக் களிம்போடு கண்ணை மூடி உட்கார்ந்து, இந்தக் கம்பெனிக்கு நூற்றுக்கு நாற்பது மார்க் என்பார். ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும் என்பது சட்டம். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஜெரூஷா வாய்விட்டுச் சிரித்தது அந்த இரண்டு மணி நேரங்களில்தான்.

நேற்று வந்த பெட்டியில் நகப்பூச்சு இருந்தது. அழிக்கும் திரவம் இல்லை. பூசி முடித்த பிறகுதான் இருவருக்குமே அது உறைத்தது.

"பரவால்ல, காலைல வாங்கி எடுத்துக்கலாம். இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்" என்றார் டீச்சர். சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டே வந்தார், இந்த மே மாத வெயிலில். சபையிலிருந்து வந்திருந்த கிறிஸ்டி அக்கா கேட்டதற்கு, "பித்த வெடிப்பு. க்ரீம் போட்டிருக்கேன்" என்று முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொன்னார். ஜெரூஷா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

காலை வந்துவிட்டது. ஸ்டெபினும் டாக்டரும் பார்க்கும்வரை நேற்றுப் போட்ட சாக்ஸ் காலிலேயே இருந்தது. டாக்டர் போனதும் சாக்ஸைக் கழற்றி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியவள் ஜெரூஷாதான். வேறு யாராவது கட்ட வருவதற்குள் கட்டி, போர்வையை இழுத்துவிட்டு, கதவைத் தாழ் போட்டாள். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் ஆப்பில் திரவத்துக்கு ஆர்டர் போட்டாள். செத்த வீட்டிலிருந்து நகப்பூச்சு ரிமூவர் ஆர்டர் செய்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

போன் அடித்தது.

"மேடம், மாரி பேசுறேன், டெலிவரி. நீங்க குட்த்த அட்ரஸ்ல ஷாமியானா போட்டுகினு கீறாங்கோ. இந்த வூடா?"

"ஆமாண்ணா. முன்னாடி வராதீங்க. பின்பக்கம் சந்து இருக்கு, அங்க வாங்க, நான் வந்து…"

"ஐய, முன்னாடியே சொல்லிருக்கலாமே. இப்பதான் கார்லேர்ந்து ஒரு அக்கா எறங்குனாங்கோ, அய்துகினே வாங்கிகினு உள்ள பூட்டாங்கோ."

ஜெரூஷா போனை அணைத்தாள். காரில் வருவது ஒரே ஒரு அக்காதான். படப்பையிலிருந்து எப்சி. ஸ்டெபினுக்கு ஆறு வயது மூத்தவள், டீச்சரின் ஒரே மகள். அம்மாவைவிடக் கண்டிப்பானவள் என்று பெயர் வாங்கியவள்.

கதவு தட்டப்பட்டது. திறக்காமல் என்ன செய்ய முடியும்?

எப்சி அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும்தான் கையில் கசங்கியிருந்த காகிதப் பையைப் பார்த்தாள். பிரித்தாள். உள்ளே இருந்ததை எடுத்துப் படித்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்கு அண்ணி."

எப்சி அவள் விரல்களைப் பார்த்தாள். அவற்றில் எண்ணெயைத் தவிர ஒன்றும் இல்லை. அறையில் கிடந்த பஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து கதவைத் தாழிட்டுவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் போர்வையை விலக்கினாள்.

போர்வையின் நுனி அவள் கையிலேயே இருந்தது. வெளியே யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ போட்டியா?"

"ஆமா அண்ணி. என் தப்புதான்."

"அம்மா கேட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ம். அவங்கதான் காலை நீட்டினாங்க" என்றாள் ஜெரூஷா.

எப்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒன்பதாங்கிளாஸ் ஆண்டு விழாவுக்கு ஃப்ரெண்ட் ஒருத்தி எனக்குப் போட்டுவிட்டா. வீட்டுக்கு வந்ததும் அம்மா மண்ணெண்ணெய் ஊத்தி, பிளேடால சுரண்டி எடுத்தாங்க. பத்து விரலும். ரெண்டு நாள் சோத்துல கை வச்சா எரியும்." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் ஜெரூஷாவுக்குப் பயமாக இருந்தது. "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? இதைப் போடும்போது?"

என்ன சொன்னால் அண்ணிக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஜெரூஷாவுக்குத் தெரியும். 'எப்சிக்கு இந்தக் கலர் நல்லா இருக்கும்னாங்க' என்று ஒரு வரி போதும். நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் படுத்திருந்தவரைப் பார்த்தாள்.

"இல்ல அண்ணி. சுண்டு விரல்ல போடும்போது கூசுதுன்னு சிரிச்சாங்க. நேத்து ஜெபத்துக்குச் சாக்ஸ் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. கேட்டவங்ககிட்ட பித்த வெடிப்புன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

"அம்மாவா? பொய் சொன்னாங்களா?"

"ம்."

மறுபடி கதவு. "எப்சி, ஸ்தோத்திரம். நாங்க வந்துட்டோம்மா. வெந்நீர் ரெடி. கதவைத் திற." கிறிஸ்டி அக்காவின் குரல்.

ஜெரூஷா பஞ்சை எடுத்து நீட்டினாள். "அண்ணி, அஞ்சு நிமிஷம்தான் ஆகும். எடுத்துடலாம்."

எப்சி பஞ்சை வாங்கவில்லை. ரிமூவரின் மூடியைத் திருகப் போன அவள் கை பாதியில் நின்றது.

"அக்கா, வெந்நீரை வாசல்ல வச்சுடுங்க. அம்மாவை நாங்களே குளிப்பாட்டுறோம்" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"அது எப்படிம்மா? சபை வழக்கம்னு ஒண்ணு…"

"பெத்த பொண்ணு நான் இருக்கேன்க்கா."

கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. வாளி தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. சேலை, கையுறை, சாக்ஸ் எல்லாம் பையில் இருக்கிறது என்று கிறிஸ்டி அக்கா பிடிக்காத குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

இருவரும் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். எப்சி கால்களைக் கடைசியில் கழுவினாள். ஒவ்வொரு விரலாக, இடுக்கில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போகும்வரை கழுவித் துடைத்தாள். பிறகு வெள்ளைச் சாக்ஸை மாட்டிக் கணுக்காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

"அந்தப் பாட்டில் எங்க?"

ஜெரூஷா பீரோவைத் திறந்து காட்டினாள். எப்சி பெட்டியிலிருந்து மாதுளைச் சிவப்புச் சீசாவை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். திறக்காத ரிமூவர் பீரோவுக்குள் போனது.

அதன் பிறகும் நாலு மணிவரை ஜெரூஷா டீச்சரின் கால்மாட்டை விட்டு நகரவில்லை. சவப்பெட்டியில் கிடத்திய பிறகு ஒருமுறை சேலைக் கொசுவத்தை நீவிவிட்ட கிறிஸ்டி அக்கா, "சாக்ஸ் லூசா இருக்கே, கழண்டுடப் போகுது" என்று குனிந்தாள். கை சாக்ஸின் நுனியைத் தொட்டும்விட்டது. அந்த நேரம் பார்த்து எப்சி, "அக்கா, எங்கம்மா போயிட்டாங்களே" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். கிறிஸ்டி அக்காவும் அழுதாள். பாஸ்டர் பாட்டை ஆரம்பித்தார். மூடி இறங்கியது.

மூன்றாம் நாள் வீட்டில் ஆறுதல் ஜெபம் வைத்தார்கள். ஹாலில் ஃபேன் சுற்றியும் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. ஜெரூஷா காபித் தட்டோடு வரிசையாக வந்தாள். கடைசியில் பாயில் உட்கார்ந்திருந்த எப்சி, அம்மாவின் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கால்களைச் சேலைக்குள் மடக்கியிருந்தாள்.

"என்ன எப்சி, இந்த வெயில்ல சாக்ஸ்?" என்றாள் பக்கத்தில் இருந்த கிறிஸ்டி அக்கா.

"பித்த வெடிப்புக்கா. க்ரீம் போட்டிருக்கேன்."

"அப்படியே அம்மா மாதிரி" என்று கிறிஸ்டி அக்கா உச்சுக்கொட்டினாள்.

எப்சி நிமிராமல் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள். ஜெரூஷா அவளுக்கு முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டோடு சமையலறைக்குள் போனாள்.