வலது கதவும் மோகனசுந்தரமும்

மோகனசுந்தரத்துக்கு ஒரு குணம். யாராவது எங்காவது ஒரு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தால் போதும், அவர் கால் தானாக அங்கே நின்றுவிடும். முதலமடை மாங்காய் வியாபாரிதான், ஆனால் கிணறு வெட்டுகிறவனுக்கும் யோசனை சொல்வார், பல் பிடுங்குகிற டாக்டருக்கும் யோசனை சொல்வார். அப்படிப்பட்டவரின் கூடப்பிறந்த தங்கை வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் முளைத்துக்கொண்டிருந்தால் சும்மா இருப்பாரா?

தங்கை கோமதி கொல்லங்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கணவன் பாண்டீஸ்வரன் சூரியநெல்லிக்காரன். எஸ்டேட் ஜீப்புகளைப் பிரித்துப் பூட்டியே வளர்ந்தவன், இப்போது மாங்கூழ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறான். கல்யாணமான புதிதில் இந்த இரண்டும் குசுகுசுவென்று பேசியதே கார்பரேட்டரைப் பற்றித்தான் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சிரிப்பார்கள்.

இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, நொறுங்கிக் கிடந்த ஒரு சின்னக் காரின் இஞ்சினை அதில் உட்காரவைத்து, பாதி வேலையை முடித்திருந்தார்கள். மேலே மாட்ட வேண்டிய உடம்பு கோயமுத்தூரிலிருந்து, மாங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில், வைக்கோல் சுற்றி வந்து இறங்கியது. பானட், கூரை, கதவுகள், பின்பக்கத் தகடுகள் எல்லாமே ஃபைபர். படத்தில் பார்த்தபோது வழவழவென்று இருந்தவை, நேரில் பொரித்த அப்பளம் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நெளிந்திருந்தன.

கூரை எப்படியோ உட்கார்ந்துவிட்டது. முன்கண்ணாடியும் ஒட்டியாயிற்று. வலது கதவுக்கும் அதன் பின்னாலிருக்கும் தகட்டுக்கும்தான் ஒத்துவரவில்லை. மேலே நூல் நுழையாது, கீழே விரலே நுழையும். பாண்டீஸ்வரன் உப்புத்தாளால் தேய்த்தான், கோமதி துளைகளை நீட்டி அறுத்துப் பார்த்தாள், கயிறு கட்டி இழுத்தார்கள். தகடு அசையவில்லை.

கோமதிக்கு ரோட்டில் ஓட்டும் ஆசை கிடையாது. வீட்டில் செய்த வண்டிக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்? அவள் கண் அண்ணனின் மாந்தோப்பைச் சுற்றிப் போகும் செம்மண் தடத்தின்மேல் இருந்தது. கேட்டபோதெல்லாம் அவரிடமிருந்து ஒரே பதில்தான்.

"புழுதி பறந்தா பிஞ்சு கறுத்துப்போயிரும் அம்மிணி. உன்ற வெளையாட்டுக்கு என்ற தோப்பா கெடச்சுது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோகனசுந்தரம் வந்தபோது பங்குனி வெயில் தகரக் கொட்டகையைப் பொரித்துக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

"அண்ணா, ஃபைபர் தூளுங்க. மேல பட்டா நமநமங்கும். அந்தப் பழைய முழுக்கைச் சட்டையப் போட்டுக்குங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நா ஒரம் மூட்டை தூக்குனவன். தூளாம் தூளு!"

வேலை இதுதான்: கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, தகட்டின் ஓரத்தில் ரெசின் தடவிச் சட்டத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டும்போது உள்ளேயிருந்து ஒருவர் தகட்டை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். பாண்டீஸ்வரன் குனிந்தபோது அவனை ஒதுக்கிவிட்டு மோகனசுந்தரமே முன்னால் வந்தார்.

"நகருங்க மாப்ள. உங்குளுக்குப் புடிக்கத் தெரியாததுனாலதான் இத்தன நாளு இழுக்குது."

ரெசினில், அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கோமதி சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். "இப்புடி கண்ணுக்கு மருந்து உடற மாதிரி உட்டா எப்பக் காயறது?" என்று பாட்டிலைப் பிடுங்கிக் கவிழ்த்தே விட்டார்.

"மச்சான்! இந்த வெக்கைக்கு அது உடனே இறுகிரும் மச்சான்!" என்று பாண்டீஸ்வரன் கத்தினான்.

அதற்குள் அவர் உள்ளே நுழைந்து, சீட் இல்லாத வெறும் தளத்தில் சம்மணம் போட்டு, கதவையும் சாத்திக்கொண்டார். கிண்ணம் கோமதியின் கையில் சுட ஆரம்பித்தது. இனி யோசிக்க நேரமில்லை. இருவரும் அள்ளித் தடவினார்கள், தகட்டை அழுத்தினார்கள், கிளாம்புகளை மாட்டினார்கள். கிண்ணத்தில் மிச்சமிருந்தது புகைந்து, வெடித்து, கல்லாகிவிட்டது.

"பாத்தியா? ஆச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவைத் தள்ளும் சத்தம். மறுபடியும் தள்ளும் சத்தம். "கோமதி... கதவு வரமாட்டீங்குது."

பிதுங்கி வழிந்த ரெசின் கதவின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. வண்டிக்கு இன்னும் சக்கரம் இல்லை, கட்டைமேல் நின்றது. இடது கதவுப் பக்கம் சுவர். சன்னல் ஓட்டை வழியாக மோகனசுந்தரத்தின் தலை வந்தது, ஒரு கை வந்தது, தொப்பை வர மறுத்துவிட்டது.

பின்னால் டிக்கி மூடி இருந்தது. நாலே போல்ட். ஸ்பானர் இருந்தால் உள்ளேயிருந்தும் கழற்றலாம், வெளியிலிருந்தும் கழற்றலாம்; ஓர் ஆள் தாராளமாக இறங்கலாம். பாண்டீஸ்வரனின் கை தன்னால் ஸ்பானர் பக்கம் போனது. கோமதி அவன் காலை மெல்ல மிதித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பதினைந்து வருஷத்துக்கு முன் பெண் பார்க்கப் போனபோது கண்ட அதே குறும்பு. ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"அவசரப்பட்டு இழுத்தா எல்லாம் ஒடஞ்சிருமுங்க அண்ணா. சித்த பொறுங்க, யோசிக்கறோம்" என்றாள் கோமதி. உள்ளே போய் மோர் கலக்கிக்கொண்டு வந்து சன்னல் வழியாக நீட்டினாள்.

மோர் பாதி குடிப்பதற்குள் நமைச்சல் ஆரம்பித்துவிட்டது. முதலில் முழங்கை, பிறகு கழுத்து, பிறகு வெளியில் சொல்ல முடியாத இடமெல்லாம். சொறியச் சொறிய அது பரவியது.

"யோசிச்சாச்சா?"

"யோசிக்கறமுங்க. இவரு என்ன சொல்றாருன்னா..."

"நான் என்னத்தச் சொன்னேன்?" என்றான் பாண்டீஸ்வரன்.

"இவரு சொல்றாரு, வண்டி நல்லபடியா முடிஞ்சா ஞாயித்துக்கெழமையாச்சும் தோப்புத் தடத்துல ஓட்டிப் பாக்கோணுமாமா."

"இப்ப அதா முக்கியம்?" முதுகை எட்ட முடியாமல் அவர் காரின் சட்டத்தில் உரசினார். கார் முழுவதும் ஆடியது.

"கேட்டேனுங்க. பிஞ்சு கறுத்துரும்னா வேண்டாம்."

"பிஞ்சு கெடக்குது பிஞ்சு! ஞாயித்துக்கெழம ஓட்டிக்க!"

"தண்ணி தெளிச்சுட்டு ஓட்டறமுங்க."

"வெள்ளிக்கெழமயும் ஓட்டிக்க தாயே, என்னைய வெளிய உடு!"

வெள்ளிக்கிழமையை அவள் கேட்கவே இல்லை. அண்ணன்மேல் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, சிரிப்பு தொண்டை வரை வந்து முட்டவும் செய்தது. பாண்டீஸ்வரனிடம் தலையசைத்தாள். போல்ட்டுகள் கழன்றன, மூடி எழுந்தது. மோகனசுந்தரம் பின்பக்கமாக, வேட்டி ஒரு கையிலும் மானம் மறு கையிலுமாக, இறங்கினார். நேராகத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார்.

ஈரம் சொட்டத் திரும்பி வந்தவரின் கண், தரையில் கிடந்த நாலு போல்ட்டின்மேல் விழுந்தது. தங்கையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இது மொதல்லயே இருந்துச்சா?"

"இருந்துச்சு மச்சான்" என்றான் பாண்டீஸ்வரன் தரையைப் பார்த்து. பொய் சொல்ல அவனுக்கு வராது.

அவர் வாயைத் திறந்தார். என்ன திட்டுவாரோ என்று கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவர் பார்வை வலது கதவில் போய் நின்றுவிட்டது. குனிந்தார். சுண்டுவிரலைக் கதவுக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். கோமதியும் ஓடிப்போய்ப் பார்த்தாள். மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவே. ஒரே சீராக, பென்சிலால் கோடு போட்டதுபோல.

"இது எப்புடீங்க ஆச்சு?" என்றாள் நிஜமான ஆச்சரியத்தோடு.

பாண்டீஸ்வரன் டிக்கி வழியாக உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். "மச்சான் எங்கிட்டு உக்காந்தாருன்னு பாரு. கை மேல பிடிச்சிருக்கு. கீழ்ப்பக்கம் தள்ளினது பூரா தொப்பை."

முதலில் சிரித்தது மோகனசுந்தரம்தான். ஈர வயிற்றை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

கதவை மெல்லிய ரம்பத்தால் அறுத்து விடுவிக்க அன்று பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் அவருடைய மாங்காய்க் கிடங்கு முழுவதும் செய்தி போயாயிற்று, ஆனால் வேறு மாதிரி. இரண்டு படித்த பிள்ளைகள் திணறிக்கொண்டிருந்ததை அண்ணன் உள்ளே இறங்கி ஒரே பிடியில் சரிசெய்துவிட்டதாக. கோமதி அதை மறுக்கவில்லை. தடம் கிடைத்தவளுக்குப் பேர் எதற்கு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோகனசுந்தரம் லோடு ஏற்றும் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, உடம்பெல்லாம் பவுடர். வண்டியைத் தூக்கிச் சுவரைவிட்டு நகர்த்தி வைக்கச் சொன்னார். இடது தகடு பாக்கி இருந்ததல்லவா?

"ஊத்தறத நீயே ஊத்து அம்மிணி. நா பாட்டிலத் தொடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்து, தொப்பையைத் தகட்டுக்கு நேராக வாகாக வைத்துக்கொண்டார்.

"டிக்கி மூடியக் கழட்டி வெச்சுரட்டுங்களா அண்ணா?"

"வேண்டாம், அது கெடக்குட்டும்" என்றார் அவர் பெருந்தன்மையாக. கொஞ்சம் யோசித்துவிட்டு சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மாப்ள, அந்த ஸ்பானர மட்டும் என்ற கையில குடுத்துருங்க."