செனா தாண்டிய நாலு கார்

உலக மோட்டார் பந்தய வரலாறு இரண்டே ஊர்களில்தான் எழுதப்பட்டது. ஒன்று பிரேசிலின் சாவோ பாவ்லோ. மற்றது துபாயில் தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர். சோனாப்பூரில் எழுதியவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை செய்கு அலாவுதீன். அதுவும் வாயால், ரூமில் மற்றவர்கள் சோற்றில் கைவைக்கும் நேரம் பார்த்து.

பிரேசில்காரர்கள் கார் ஓட்டிய கதை முழுக்க அவருக்கு மனப்பாடம். லைசென்ஸ்தான் இல்லை.

2008 ஏப்ரல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவருக்கு டிரைவிங் டெஸ்ட், மத்தியானம் டிவியில் பஹ்ரைன் பந்தயம். முதலாளி ஹஸ்னைன் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை பாஸானா பிக்கப் வண்டி சாவி உங்களுக்கு. இல்லேன்னா குடோன்தான். கலாஸ், முடிஞ்சுது."

ஏசி இல்லாத குடோனில் ஆறு வருஷம் பிரேக் ஷூ அடுக்கியவர் அலாவுதீன். கூட அடுக்கும் ராக்கப்பனுக்கும் அன்றைக்கே டெஸ்ட், முதல் தடவை. ஊரில் டிராக்டர் ஓட்டியவர். பஸ்ஸில் போகும்போது மெதுவாகக் கேட்டார்.

"பிரேசிலுக்கு மொத்தம் எத்தனை பட்டம் பாய்?"

"எட்டு. ஃபிட்டிபால்டிக்கு ரெண்டு, பிக்கேவுக்கு மூணு, செனாவுக்கு மூணு."

"உங்களுக்கு இன்னும் ஏழுதானே?"

"என்ன ஏழு?"

"பெயிலு."

அலாவுதீன் அசரவில்லை. "இப்ப ஓட்டுற பிரேசில்காரன் மாஸாவப் பாருப்பா. இந்த வருஷம் ரெண்டு ரேஸ், ஒரு பாயிண்ட் கெடையாது. இன்னிக்கு ஜெயிப்பான். நானும்தான். தொண்ணூத்தி மூணுல, கொட்டுற மழையில, செனா முதல் சுத்துலயே நாலு காரத் தாண்டுனான். ஓட்டுறதுன்னா அது!"

டெஸ்ட்டில் ஒரே காரில் மூன்று பேரை ஏற்றுவார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின்சீட்டில். ராக்கப்பன் ஓட்டியதில் சொல்ல ஒன்றுமில்லை. போனார், திரும்பினார், நிறுத்தினார். அடுத்து அலாவுதீன். சீட்டைச் சாய்த்தார், கண்ணாடியைத் திருத்தினார், ஸ்டியரிங்கைச் சாம்பியன்போலப் பிடித்தார்.

"யல்லா" என்று கிளம்பச் சொன்னார் பக்கத்து சீட்டில் இருந்த போலீஸ்காரர்.

கார் நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "யல்லா, யல்லா!" இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "கலாஸ்."

மத்தியானம் கடைக்குப் பக்கத்து கேஃப்டீரியாவில் டிவி. மாஸா முதல் வளைவிலேயே முன்னால் போனான், கடைசிவரை விடவில்லை.

"சொன்னேனா இல்லையா!" என்று அலாவுதீன் கையை உயர்த்தினார். அந்தக் கையில்தான் எட்டாவது பெயில் சீட்டும் இருந்தது.

ஹஸ்னைன் சாவியை ராக்கப்பனிடம் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு ஏன் பெயில் போட்டாங்க?" என்றார்.

"வளைவுல நான் எடுத்த லைன் அந்தாளுக்குப் புரியல முதலாளி. ரேஸ் பாக்குற ஆளே இல்ல."

"ராக்கப்பா, நீ பின்னாலதானே இருந்தே?"

ராக்கப்பன் பொய் சொல்லிப் பழகாதவர். காட்டிக்கொடுக்கவும் மனசில்லை. "செனா கணக்குத்தான் முதலாளி. சரியா நாலு."

அலாவுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு பேரத் தாண்டினாரா?"

"இல்ல. நாலு பேரு எங்களத் தாண்டுனாங்க."

முதலில் குப்பை லாரி. பிறகு ஸ்கூல் பஸ். பிறகு தண்ணீர் டேங்கர்.

நாலாவது, சைக்கிள்.