பிஸ்டனில் நாலு கோடு

"பெட்ரோல்ல ஆயில் கலக்காம ஊத்தினது நீ..."

"கலக்கினேன்டி, எதிர்லதான நின்னுகினு இருந்த? ஆக்சிலேட்டர முறுக்கினது நீ..."

"நானா? ரெண்டாவது வளைவுகூட தாண்டல, பின்சக்கரம் அப்டியே பூட்டிக்கிச்சு. உன் ஆயில் லட்சணம்..."

"ஆயிலப் பத்திப் பேசாத! உன் கை இன்னா கையா, உலக்கையா?"

"ரெண்டு பேருக்கும் சோறு வோணுமா, வாணாமா?" என்று உள்ளேயிருந்து அம்மா தாட்சாயிணி கேட்டாள்.

"வாணாம்" என்றார்கள் இருவரும். அன்று காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

அண்ணன் தமிழரசு, தங்கை கிருஷ்ணப்பிரியா. சேக்காட்டில் அவர்கள் வீட்டுப் பக்கத்துச் சந்தில், துணி துவைக்கிற கல்லை ஒட்டி, காலி பால் பாக்கெட் பெட்டியின் மேல் ஏறி நின்றது அந்த டர்ட் பைக். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, விளக்கு, மட்காடு எல்லாம் கழற்றிப்போட்டு, முரட்டு டயர் மாட்டி, இருவரும் சேர்ந்து பண்ணிய வண்டி. வருகிற ஞாயிற்றுக்கிழமை குத்தம்பாக்கம் பக்கத்துப் பொட்டலில் பந்தயம். வண்டி ஒன்று என்பதால் பெயரும் ஒன்றுதான் கொடுக்க முடியும். எஞ்சினைக் கெடுத்தவர் உட்கார வேண்டும், மற்றவர் ஓட்டலாம் என்று வண்டி வாங்கிய அன்றே இருவரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்று அதே பொட்டலில் பயிற்சியில் பிரியா ஓட்டும்போது எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது. கெடுத்தது யார் என்பதுதான் இப்போது வழக்கு.

பிரியா இதுவரை ஒரு பந்தயம்கூட ஓட்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைச் சொல்லி அவன் ஏறிவிடுவான். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுப்பதாக அவள் இல்லை.

"வாயால பேசி இன்னா ஆவப்போவுது? தொற, பாத்துடலாம்" என்றாள்.

பிளக்கைக் கழற்றினார்கள். சைலன்ஸரைக் கழற்றினார்கள். மேல்மூடியின் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மூடியைத் தூக்கி வைத்தார்கள். சிலிண்டர் வர மறுத்தது. தமிழரசு மரச்சுத்தியால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தட்ட, ஒரு முனகலோடு மேலே வந்தது. உள்ளே பிஸ்டன் தெரிந்ததும் அவன் கைகொட்டிச் சிரித்தான்.

"இப்ப இன்னா சொல்ற? நாலு கோடு! ஆயில் இல்லாம போயிருந்தா சுத்திமுத்தும் வழிச்சிகினு போயிருக்கும். இது நாலு மூலையில மட்டும் கிழிச்சிருக்குது பாரு. இன்னா அர்த்தம்? எஞ்சின் சூடாவல. சிலிண்டர் சில்லுனு கீது, நீ முறுக்கின முறுக்குல பிஸ்டன் மட்டும் ஊதிக்கிச்சு, போயி பூட்டிக்கிச்சு. கேஸு முடிஞ்சுது தாயி. நீ குந்து."

பிரியா குனிந்து பிஸ்டனைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து மறுபக்கமும் பார்த்தாள். அவன் சொன்னதில் தப்பே இல்லை. சூடேறாத எஞ்சினை முறுக்கினால் விழுகிற கோடுகள்தாம்.

"ஏண்ணா."

"இன்னாடி?"

"மூணு ரவுண்டு அடிச்சிட்டு வந்து நீதான வண்டிய என் கையில குடுத்த? 'நல்லா சூடா கீது, ஏறி முறுக்கு'ன்னியே?"

தமிழரசு பழைய பனியன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"காத்துல ஆறிப் போயிருக்கும்."

"கத்திரி வெயில்ல காத்தா?"

அவன் துணியைத் துவைக்கிற கல்லின் மேல் எறிந்தான். பிறகு, தலையில் இருந்த மூட்டையை இறக்கிப் போடுகிறவன் மாதிரி, "சரி வுடு, நாந்தான் கெடுத்தேன். சட்டம்னா சட்டந்தான். நீயே ஓட்டிக்க" என்றான்.

சட்டென்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவன். பிரியாவுக்கு நேற்றைய தமிழரசு நினைவுக்கு வந்தான். மூன்று சுற்று ஓட்டியவனின் பூட்ஸில் புழுதி இல்லை. ஹெல்மெட் கண்ணாடி அப்போதுதான் துடைத்ததுபோல இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததற்கு, பெட்ரோல் மிச்சம் என்றான். பத்து வண்டிகள் அலறுகிற இடத்தில் எந்த வண்டி ஓடியது, எது ஓடவில்லை என்று யார் கேட்டார்கள்? தை மாதம் அங்கே பெரிய மேட்டிலிருந்து குதிக்கும்போது விழுந்து அவனுக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சொல்லி நாளாயிற்று.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்ட சீட்டு கைக்கு வந்துவிட்டது.

மறுநாள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூரில் முகமது ஆசிக்கின் லேத்துக்குப் போனாள். ஆசிக் துளையை ஒரு சைஸ் பெரிதாகக் கடைந்து, புதுப் பிஸ்டனைப் போட்டுப் பார்த்து, தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார்.

"உங்க அண்ணன் எங்கம்மா? ஆளையே காணோம்? ஞாயித்துக்கெழமை எங்க பசங்க மொத்தமும் அவன் குதிக்கறதப் பாக்கத்தான் வருது."

"வருவான் பாய்" என்றாள் பிரியா.

சாயங்காலம் மறுபடி அதே சந்து. பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற லாக் வளையம் ஏதாவது நழுவி எஞ்சின் வயிற்றுக்குள் விழுந்துவிடாமல் வாயில் துணியை அடைத்து, தலையிலுள்ள அம்புக்குறி சைலன்ஸர் பக்கம் பார்க்கப் புதுப் பிஸ்டனை மாட்டினார்கள். துணியை உருவினார்கள். இனி சிலிண்டரை இறக்க வேண்டும். அதற்கு நாலு கை வேண்டும். ஒருவர் மேலிருந்து இறக்க, ஒருவர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளை விரலால் நெருக்கிப் பிடிக்க வேண்டும். தமிழரசு நெருக்கினான்.

"மெதுவா எறக்கு."

"அமுக்கினியா?"

"அமுக்கிகினுதான் கீறேன். ஆட்டாத."

"மேல் ரிங்கு?"

"பூந்துச்சு. ரெண்டாவது... இரு, இரு... ம்."

"எத்தினி மாசமா ஓட்டலண்ணா?"

ரிங்கைப் பிடித்த கையை எடுக்க முடியாது. எடுத்தால் ரிங் உடையும். எழுந்து போகவும் வழியில்லை.

"வுழுந்ததுலேந்தே" என்றான் தமிழரசு, சிலிண்டரைப் பார்த்தபடி. "பொதர் பின்னால தள்ளிகினு போயி குந்திகினு இருப்பேன். ஸ்டார்ட்கூட பண்ணமாட்டேன். அந்த மேட்டப் பாத்தாலே தோளு உள்ள எதுவோ ஒடையுற மாதிரி கீது." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றான்.

"சொன்னா தேங்கா ஒடைக்கும். நீ ஓட்டக்கூடாதுன்னுதான் அது மாங்காட்டு அம்மன் கோயிலுக்கே நடக்குது. பூந்துச்சா?"

"பூந்துச்சு. எறக்கு."

மூடியை வைத்து, நட்டுகளைக் குறுக்கு வாட்டில் முறுக்கி, சைலன்ஸரையும் பிளக்கையும் மாட்டினார்கள். பிரியா உதைத்தாள். நாலாவது உதையில் பிடித்தது. சந்து முழுக்க நீலப்புகை.

"கொசு மருந்து வண்டிக்காரன் வந்துட்டானா?" என்று இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள் தாட்சாயிணி.

முறுக்காமல் ஓடவிட்டார்கள். அணைத்து ஆறவிட்டார்கள். தெருக்கோடிக் காலிமனைக்குத் தள்ளிப்போய் மறுபடி உதைத்து, சூடேற ஓடவிட்டார்கள். கட்டடம் கட்ட யாரோ கொட்டியிருந்த மண் அங்கே மேடாகக் கிடந்தது. பெரிய மேடில்லை, இடுப்பளவு. தமிழரசு அதற்கு முதுகைக் காட்டி நின்றான். பிரியா ஹெல்மெட்டை மாட்டப்போனவள் மாட்டவில்லை. குனிந்து சிலிண்டரின் மேல் உள்ளங்கையை வைத்து, சுரீரென்று எடுத்தாள். ஹேண்டில்பாரை அவன் பக்கமாகத் திருப்பி, ஹெல்மெட்டை சீட்டின் மேல் வைத்தாள்.

"இப்ப நெசமாவே சூடா கீது. தொட்டுப் பாத்துக்க. ஏர்றியாண்ணா?"